துருக்கித் தொப்பியில் துருக்கறை: வராமல் தடுப்பது எப்படி?

(நமது டிரஸ்டின் காலாண்டுக் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





இந்தக் கூட்டத்தில் வழக்கமாகப் படிப்பு உதவி, மருத்துவ முகாம், குமர்களின் நிக்காஹ் உதவி ஆகியவற்றைப் பற்றித்தான் பேசுவோம். இன்று எடுத்துக்கொண்ட விஷயம் சிலருக்குச் சின்னதாகத் தோன்றலாம். நம் வீட்டுப் பெட்டிகளில் இருக்கும் பழைய துருக்கித் தொப்பிகளில் உலோகக் கறை படிகிறது. அதை எப்படித் தடுப்பது என்பதுதான் பேச்சு.

இதை இப்போது பேசக் காரணம் இருக்கிறது. ஊர்ப் பெரியவர்களின் நினைவுப் பொருள்களை வைக்க டிரஸ்ட் நூலகத்தில் ஓர் அலமாரி ஒதுக்குவதென்று முடிவு செய்தோம். பல வீடுகளிலிருந்து தொப்பிகளைக் கொண்டுவந்து காட்டினார்கள். பூச்சி அரித்திருக்கும் என்றுதான் எதிர்பார்த்தோம். பார்த்தால், துருவும் பச்சைக் களிம்பும் தின்றவைதான் அதிகம். ஃபெல்ட்டில் இந்தக் கறை ஏறிவிட்டால் வீட்டில் வைத்து அதை எடுக்க வழியில்லை. வராமல் தடுப்பதற்கோ கால் மணி நேரமும் சில ரூபாய்களும் போதும். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே இன்று பேசுகிறோம்.

அந்தத் தொப்பிக்கு ஒரு வரலாறு உண்டு

இளைஞர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். சிவப்புக் கம்பளி, தட்டையான உச்சி, மேலே கறுப்புப் பட்டுக் குஞ்சம். இதுதான் துருக்கித் தொப்பி. அரபியில் தர்பூஷ் என்பார்கள், துருக்கியில் ஃபெஸ் என்பார்கள். உதுமானிய சுல்தான் இரண்டாம் மஹ்மூது 1829இல் அரசு அலுவலர்களின் உடையில் இதைச் சேர்த்தார். இதற்கென்றே இஸ்தான்புல்லில் ஃபெஸ்ஹானே என்ற ஆலை எழுந்தது. தூனிஸ் நகரத்துக் கைவினைஞர்களும் இதைச் செய்தார்கள். ஆஸ்திரியப் பேரரசுக்குள் இருந்த பொஹிமியாவின் ஆலைகளிலும் செய்து கப்பலேற்றினார்கள். 1925 நவம்பரில் வந்த தொப்பிச் சட்டம் துருக்கி நாட்டில் இதை ஒழித்தது. அதற்குள் அது அலிகர் மாணவர் தலையிலும் கொழும்பு வணிகர் தலையிலும் ஏறிவிட்டது.

கொழும்பில் இந்தத் தொப்பிக்காக ஒரு போராட்டமே நடந்தது. யாழ்ப்பாணத்து வழக்கறிஞர் எம். சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியுடன் உச்ச நீதிமன்றத்தில் வாதாடக் கூடாது என்று 1905இல் தடுக்கப்பட்டார். அந்த ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதி மருதானைப் பள்ளிவாசல் வளாகத்தில் முஸ்லிம்கள் பெருங்கூட்டம் கூட்டி எதிர்ப்பைத் தெரிவித்தார்கள். பிறகு அந்த உரிமை கிடைத்தது. கொழும்புச் சபர் போய் வந்த நம் பாட்டனார்கள் இந்தத் தொப்பியை வெறும் அலங்காரமாகத் தலையில் வைக்கவில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

அவர்களில் பலருக்குப் புகைப்படம்கூடக் கிடையாது. அவர்கள் தலையின் அளவும் வியர்வையும் பதிந்த ஒரே பொருள் அந்தத் தொப்பிதான். அதை இழந்தால் வேறொன்று வாங்க முடியாது.

கம்பளியும் உலோகமும் ஏன் ஒத்துப்போவதில்லை?

ஃபெல்ட் என்பது நெய்த துணி அல்ல. ஆட்டு மயிரின் மேல், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீரும் சோப்பும் விட்டுக் கசக்கி அடிக்கும்போது அந்த இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு இறுகிவிடுகின்றன. துருக்கித் தொப்பியைப் பெரும்பாலும் முதலில் பெரிதாகப் பின்னி, பிறகு இப்படிச் சுருக்கி இறுக்கி, சூடான பித்தளை அச்சில் மாட்டி வடிவம் கொடுப்பார்கள். கெய்ரோவின் கூரிய்யா கடைத்தெருவில் இந்தத் தொழில் இன்றைய காலம் வரை நடந்து வந்திருக்கிறது.

கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அப்போதும் தொட்டுப் பார்த்தால் உலர்ந்ததுபோலவே இருக்கும். நம் ஊரோ கடற்கரை ஊர். காற்றிலேயே உப்பு இருக்கிறது. தொப்பியின் உட்பட்டையில் பல ஆண்டு வியர்வை உப்பும் சேர்ந்திருக்கிறது. ஈரமும் உப்பும் இருக்கும் இடத்தில் ஓர் உலோகத்தை இறுக்கிக் குத்தி வைத்தால், ஈரத் துணியில் ஆணியைச் சுற்றி வைத்ததற்கும் அதற்கும் வேறுபாடில்லை. தெரியும் பக்கத்தில் உலோகம் பளபளக்கும். ஃபெல்ட்டோடு ஒட்டியிருக்கும் பின்பக்கம் அரிக்கத் தொடங்கியிருக்கும்.

நாம் பார்த்த கறைகள் மூன்று வகை.

முதலாவது, பழுப்பு நிறத் துரு. இது இரும்பிலிருந்து வருவது. ஊக்கு, குண்டூசி, குஞ்சத்தை இறுக்கிய கம்பி, தொப்பியை மாட்டிய சுவர் ஆணி, தகரப் பெட்டியின் ஓரம் எல்லாம் இதில் அடங்கும். பித்தளைப் பிறையின் பின்னால் இருக்கும் ஊசியும் பெரும்பாலும் இரும்புதான். பித்தளையும் இரும்பும் ஒன்றையொன்று தொட்டபடி உப்பீரத்தில் இருந்தால், இரும்பு தனியாக இருப்பதைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். அதனால்தான் பிறை நன்றாக இருக்கும்போதே ஊசி குத்திய இடத்தில் பழுப்பு வட்டம் தெரிகிறது.

இரண்டாவது, பச்சைக் களிம்பு. செம்பிலிருந்தும் பித்தளையிலிருந்தும் வருவது. உப்பு மட்டும் அல்ல, எண்ணெய்ப் பசையும் இதற்குக் காரணம். தலையில் தேய்த்த எண்ணெய், தோல் பட்டையில் இருக்கும் கொழுப்பு ஆகியவற்றின் அமிலங்கள் செம்போடு சேர்ந்து மெழுகுபோன்ற பச்சைப் பசையாகின்றன. அது ஃபெல்ட்டுக்குள் ஊறி இறங்கிவிடும்.

மூன்றாவது, கறுப்புக் கறை. தொப்பியின் உள்விளிம்பில் தோல் பட்டை இருக்கும் இடத்தில் காண்பது. அந்தக் காலத்தில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சியதைப் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கடுக்காயின் துவர்ப்பும் அன்னபேதியில் உள்ள இரும்பும் சேர்ந்து கறுப்பு மையாகும். மரப்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோலில் அதே துவர்ப்பு இருக்கிறது. அதில் ஓர் இரும்பு ஊக்கைக் குத்தி ஈரத்தில் வைத்தால், தொப்பிக்குள்ளேயே மை தயாராகிவிடும்.

வெள்ளிச் சின்னம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பளியிலேயே கந்தகம் இருக்கிறது. அதன் அருகில் வெள்ளி கறுக்கும். அது வெள்ளியின் கலப்படம் என்று எண்ணி யாரும் தட்டானிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

அன்போடு செய்யும் காரியமே கெடுக்கும்

ஒரு வீட்டில் பார்த்ததைச் சொல்கிறோம். பாட்டனாரின் தொப்பி. முன்பக்கம் பித்தளைப் பிறையும் நட்சத்திரமும். அந்த வீட்டு மூத்த உம்மா பெருநாளுக்குப் பெருநாள் அந்தப் பிறையைப் புளி போட்டுத் துலக்கி வந்திருக்கிறார். நாற்பது ஆண்டு வழக்கம். பிறை தங்கம்போல இருந்தது. மெல்லக் கழற்றிப் பார்த்தால், தொப்பியில் அதே பிறை வடிவத்தில் பச்சைத் தழும்பு. நடுவில் ஃபெல்ட் பொடிந்து ஓட்டை விழுந்திருந்தது. அந்தத் தாயின் பாசத்தில் ஒரு குறையும் இல்லை. பிறையைக் கழற்றித் துலக்க வேண்டும் என்று சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான்.

ஆகவே, செய்யக் கூடாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறோம்.

புளி, எலுமிச்சை, பித்தளை பாலிஷ் எதையும் தொப்பியில் இருக்கும் சின்னத்தின் மேல் தேய்க்காதீர்கள். அந்தப் புளிப்பு செம்பைக் கரைத்து ஃபெல்ட்டுக்குள் அனுப்புகிறது.

துருக்கறைக்கு எலுமிச்சையும் உப்பும் வைக்கும் வழக்கம் வெள்ளை வேட்டிக்குச் சரியாக இருக்கலாம். பழைய சிவப்புச் சாயம் புளிப்பு பட்டால் நிறம் மாறும். உள்ளே தங்கிய உப்பு அடுத்த மழையில் ஈரத்தை இழுக்கும்.

பிளீச்சிங் தண்ணீர் வேண்டவே வேண்டாம். துருவை அது எடுக்காது. கம்பளியைக் கரைத்துவிடும்.

துரு வராமலிருக்கத் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவாதீர்கள். அரிவாள்மணைக்கு அது பொருந்தும். தொப்பிக்கு அது பச்சைக் களிம்பை வளர்க்கும் தீனி.

நகப்பூச்சு பூசி உலோகத்தை மூடாதீர்கள். காலப்போக்கில் அது மஞ்சளாகி உரியும்.

செய்தித்தாள், ரப்பர் பேண்ட், ஸ்பாஞ்ச், ரெக்சின் பை ஆகியவற்றைத் தொப்பிக்கு அருகில் வைக்காதீர்கள். செய்தித்தாளில் அமிலம் உண்டு. ரப்பரில் கந்தகம் உண்டு. ரெக்சின் நாள்பட உலோகத்தை அரிக்கும் ஆவியை விடும்.

இப்போது செய்ய வேண்டியவை

ஒரு வேலை நாளில் பகல் வெளிச்சத்தில், கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டு உட்காருங்கள். கையுறை இருந்தால் இன்னும் நல்லது. கை வியர்வையே உலோகத்தில் ரேகை ரேகையாகக் கறை விடும்.

ஒன்று. எதையும் கழற்றுமுன் தொப்பியை நான்கு பக்கமும், உள்ளேயும் கைப்பேசியில் படம் எடுங்கள். சின்னம் எந்த இடத்தில், எந்தச் சாய்வில் இருந்தது என்பது பின்னால் தெரிய வேண்டும்.

இரண்டு. உலோகத்தைக் கழற்றுங்கள். ஒரு கையை உள்ளே விட்டு ஃபெல்ட்டைத் தாங்கிக்கொண்டு, ஊசியை வந்த வழியே மெல்ல வெளியே எடுங்கள். ஊசி துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள். இழுத்தால் துருவோடு கம்பளியும் பிய்ந்து வரும். அப்படிப்பட்டதை அப்படியே விட்டுவிட்டு எங்களிடம் சொல்லுங்கள்.

மூன்று. கழற்றிய சின்னத்தை உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி, இறுக்கமாக மூடும் சிறு பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். கூடவே சிலிக்கா ஜெல் வையுங்கள். 1 லிட்டர் டப்பாவுக்கு 20 கிராம் அளவு போதும். ஆரஞ்சு நிற மணிகள் கலந்ததாக வாங்கினால், நிறம் மாறும்போது புதிது போட வேண்டும் என்று தெரிந்துவிடும். விலை குறைவுதான். அடுப்பில் காயவைத்து மறுபடி பயன்படுத்தும் சிக்கனம் நம் வீட்டுச் சமையலறைக்கு வேண்டாம். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

நான்கு. தொப்பிக்கு வேறு வசதி வேண்டும். உலோகம் நன்கு உலர்ந்த காற்றைக் கேட்கும். கம்பளியும் தோலும் ஒரேயடியாகக் காய்ந்தால் முறுகும். ஆகவே தொப்பியைக் காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில், பழைய மல் வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். அந்தத் துணி பலமுறை துவைத்ததாகவும், கஞ்சியும் நீலமும் போடாததாகவும் இருக்கட்டும். கஞ்சி பூச்சியைக் கூப்பிடும். அதே துணியைச் சுருட்டித் தொப்பிக்குள் வைத்தால் வடிவம் குலையாது. ஆணியில் மாட்டாதீர்கள்.

ஐந்து. தகரப் பெட்டியும் பெட்டகமும் நம் வீடுகளில் உண்டு. தகரப் பெட்டியில்தான் வைக்க முடியும் என்றால், உள்ளே துரு இருக்கிறதா என்று பாருங்கள். தொப்பி அட்டைப் பெட்டிக்குள் இருக்க, அந்த அட்டைப் பெட்டி தகரத்துக்குள் இருக்கட்டும். தரையோடும் வெளிச்சுவரோடும் ஒட்டாமல் பலகையின் மேல் வையுங்கள்.

ஆறு. கல்யாணத்துக்கோ கண்காட்சிக்கோ சின்னத்தோடு வைக்க வேண்டியிருந்தால், இரண்டுக்கும் நடுவில் ஒரு தடுப்புப் போடுங்கள். மைலார் எனப்படும் தெளிந்த பாலியெஸ்டர் தாளைச் சின்னத்தின் வடிவத்திலேயே வெட்டிப் பின்னால் வைக்கலாம். ஊக்குக்குப் பதில், பழைய துளைகள் வழியாகவே பருத்தி நூலை விட்டுக் கட்டுங்கள். புதிய துளை வேண்டாம். விசேஷம் முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

ஏழு. மழைக்கு முன் ஒரு தடவை, தை பிறந்ததும் ஒரு தடவை திறந்து பாருங்கள். சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதம் காட்டும் சிறு கருவி கிடைக்கிறது. தொப்பி இருக்கும் இடத்தில் 55 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 65ஐத் தாண்டினால் பூஞ்சைக்கும் வழி திறக்கும்.

ஏற்கெனவே கறை இருந்தால்

நனைக்காதீர்கள். நனைத்தால் ஒரு காசு அளவு கறை உள்ளங்கை அளவாகும். முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு, மெல்லிய உலர்ந்த தூரிகையால் உதிரும் பொடியை மட்டும் ஒரு காகிதத்தில் தட்டி எடுங்கள். பச்சைப் பொடி வாய்க்குள் போனால் நஞ்சு. அந்தக் காகிதத்தை மடித்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உலோகத்தை அகற்றி, ஈரத்தைக் குறைத்துவிட்டால் கறை பெரும்பாலும் வளராமல் நின்றுவிடும். நம்மால் ஆவது அவ்வளவே. அதுவே பெரிய காரியம். அதற்குமேல் அருங்காட்சியகப் பாதுகாப்பு பயின்றவர்கள் செய்ய வேண்டிய வேலை. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இதற்கான வேதியியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே ஆலோசனை கேட்டு எழுத வேண்டியவர்களுக்கு டிரஸ்ட் கடிதம் எழுதிக் கொடுக்கும்.

குழந்தைகளை நினைவில் வையுங்கள்

உடல்நலம் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். பழைய துணிப் பெட்டியில் பாச்சை உருண்டை போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதிலுள்ள நாப்தலீன், ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள பச்சிளம் குழந்தைகளின் இரத்த அணுக்களை உடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். குழந்தை உள்ள வீட்டில், அந்தப் பெட்டியில் இருந்த துணியை எடுத்துக் குழந்தையைப் போர்த்துவது ஆகவே ஆகாது.

அடுத்து, சிலர் வீட்டில் வெள்ளைக்காரர் காலத்து முயல் மயிர்த் தொப்பிகளும் இருக்கின்றன. அந்த வகை ஃபெல்ட் செய்யும்போது பாதரச நைட்ரேட்டைப் பயன்படுத்தினார்கள். அமெரிக்காவில் 1941இல்தான் அது நின்றது. அந்தத் தொப்பிகளில் இன்றும் பாதரசம் தங்கியிருக்கலாம். பிள்ளைகள் தலையில் வைத்து விளையாட விடாதீர்கள். தொட்டால் கையைக் கழுவுங்கள்.

பெயரை எழுதி வையுங்கள்

கடைசியாக ஒன்று. கொண்டுவந்த தொப்பிகளில் சிலவற்றுக்கு யாருடையது என்று சொல்ல அந்த வீட்டிலேயே ஆளில்லை. "வாப்பாவுடைய வாப்பாவா, உம்மாவுடைய வாப்பாவா, தெரியாது" என்றார்கள். சின்னத்தைக் கழற்றித் தனியாக வைக்கச் சொல்கிறோம் அல்லவா? அப்படிப் பிரித்து வைத்தபின் எழுதி வைக்காவிட்டால், இன்னும் இருபது ஆண்டில் அந்தப் பிறை எந்தத் தொப்பியில் இருந்தது என்றும் தெரியாமல் போகும். துருவைத் தடுத்தோம், பெயரைத் தொலைத்தோம் என்று ஆகிவிடக் கூடாது.

ஆகவே ஒரு தாளில் பென்சிலால் எழுதுங்கள். யாருடைய தொப்பி, அவர் யாருக்கு என்ன முறை, எங்கே சபர் இருந்தார், தொப்பி எங்கே வாங்கியது, சின்னம் எதற்காகக் கிடைத்தது. அதையே இரண்டு பிரதி எடுத்து ஒன்றைத் தொப்பியோடும் ஒன்றைச் சின்னத்தோடும் வையுங்கள். வீட்டில் தொண்ணூறு வயது உம்மம்மா இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.

வருகிற மாதம் முதல் ஜும்ஆவுக்குப் பின், அஸர் தொழுகை முடிந்ததும் நூலகத்தில் உட்காருகிறோம். தொப்பி உள்ளவர்கள் கொண்டு வாருங்கள். சின்னத்தைக் கழற்ற உதவி செய்வோம். சிலிக்கா ஜெல்லும் மைலார் தாளும் டிரஸ்ட் செலவில் வாங்கி வைத்திருப்போம். நூலக அலமாரியில் வைக்க விரும்புவோருக்கு ரசீது கொடுப்போம். பொருள் உங்களுடையதாகவே இருக்கும், கேட்கும்போது திரும்பத் தருவோம். கொடுக்க மனமில்லாதவர்கள் சங்கடப்பட வேண்டாம். உங்கள் வீட்டிலேயே அது பத்திரமாக இருந்தால் எங்களுக்கு அதே மகிழ்ச்சிதான்.

நம் கையில் இருக்கும் இந்தப் பொருள்கள் நமக்கு முன்னால் இருந்தவர்களின் அமானிதம். நமக்குப் பின்னால் வருகிறவர்களிடம் கெடாமல் ஒப்படைப்போம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.